மாகாண நகரங்களின் வழியே

ரஷ்ய இலக்கியத்தைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு 'மாகாண நகரம்' என்ற சொற்றொடர் அந்நியமானதன்று. கோகலின் 'இறந்த ஆன்மாக்கள்' பெயர் சொல்லப்படாத ஒரு மாகாண நகரின் விடுதி வாசலில்தான் தொடங்குகிறது. செகாவின் மூன்று சகோதரிகள் அப்படியொரு நகரில் அமர்ந்துகொண்டு மாஸ்கோவை எண்ணி ஏங்குகிறார்கள். சேறு படிந்த தெரு, சீட்டாடும் அதிகாரிகள், புழுதி மூடிய வேலி, சலிப்பு. எப்படியாவது தலைநகருக்குப் போய்விட வேண்டும் என்ற தவிப்பு. முன்னேற்றப் பதிப்பகத்தின் தடித்த அட்டைப் புத்தகங்களில், ரா. கிருஷ்ணையாவின், பூ. சோமசுந்தரத்தின் தமிழில், நம் தலைமுறைக்கு அறிமுகமான ரஷ்யாவில் பாதி இந்த நகரங்கள்தாம். ஆகவே 2019ஆம் ஆண்டு மே மாதக் கல்லூரி விடுமுறையில் ரஷ்யாவுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, அந்தக் கதைமாந்தர்கள் போக விரும்பிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் போவதென்று நாங்கள் முடிவு செய்தோம். மாஸ்கோவுக்கு ஒரு நாள். மற்ற நாள்களெல்லாம் மாகாண நகரங்களுக்கு.

நாங்கள் மூவர். தமிழ் கற்பிப்பவர்கள் இருவர். மூன்றாமவர் ரஷ்யாவில் ஆறாண்டுகள் மருத்துவம் பயின்று திரும்பிய நண்பர். எங்களுக்கு அவர் எப்போதுமே 'டாக்டர்'. இலக்கியத்தில் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. ஆனால் மொழி தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால், அங்கே நாங்கள் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவர் வாய்வழியாகவே எங்களை வந்தடைந்தது.

மாஸ்கோவின் கூர்ஸ்க் ரயில் நிலையத்திலிருந்து விளாதிமிருக்குச் சற்றேறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். கிளாஸ்மா ஆற்றின் மேட்டுக்கரையில் நிற்கிறது கன்னிமரியாள் விண்ணேற்புப் பேராலயம். 1158 முதல் 1160 வரை அந்திரேய் பகல்யூப்ஸ்கி என்ற இளவரசன் கட்டியது. 1185இல் தீப்பற்றியது. அடுத்து வந்த விசேவலத் அதை இடிக்கவில்லை. பழைய கோயிலைச் சுற்றிப் புதிய சுவர்களை எழுப்பி விரிவுபடுத்தினான். இதன் விளைவு விசித்திரமானது. உள்ளே நடந்துசெல்லும்போது, ஒரு காலத்தில் வெளிச்சுவராக இருந்தது நம் பக்கத்தில் தூணாக நிற்கிறது. மழையும் வெயிலும் படுவதற்காகச் செதுக்கிய அலங்கார வளைவுகள் கூரைக்கடியில் இருக்கின்றன. 1238இல் மங்கோலியப் படை நகருக்குள் புகுந்தபோது, இளவரசனின் குடும்பத்தாரும் ஆயரும் இந்தக் கோயிலின் மேல்மாடத்தில்தான் தஞ்சமடைந்தார்கள். படையினர் தீ வைத்தனர். அவர்கள் அங்கேயே மடிந்தார்கள். கட்டடம் நின்றது. பின்னாளில் மாஸ்கோ கிரெம்ளினில் பேராலயம் கட்ட வந்த இத்தாலியச் சிற்பி பியரவந்திக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டதும் இதுவே.

மேற்குப்புற வளைவுகளுக்கடியில் அந்திரேய் ரூப்ளெவும் தனியீல் சோர்னியும் 1408இல் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியங்கள் இருக்கின்றன. இறுதித் தீர்ப்பு என்றதும் நரகமும் அலறலும் நினைவுக்கு வரும் அல்லவா? ரூப்ளெவின் தீர்ப்பு நாளில் அச்சமில்லை. தேவதூதர்களின் தலைகள் மெல்லச் சாய்ந்திருக்கின்றன. திருத்தூதர்கள் ஒருவரோடொருவர் ஏதோ பேசிக்கொண்டிருப்பது போல அமர்ந்திருக்கிறார்கள். பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் கிடந்த இவற்றை 1918இல் இகோர் கிராபரின் தலைமையில் வந்த குழு வெளிக்கொணர்ந்தது. புரட்சி நடந்து ஓராண்டு, நாடெங்கும் உள்நாட்டுப் போர். அந்த வேளையில் சிலர் ஏணியில் ஏறி நின்று சிறு கத்தியால் சுண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கையில் வியப்பாக இருந்தது. அதே ஓவியர்கள் இக்கோயிலுக்காக வரைந்த திருவுருவப் படங்களின் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டில், இரண்டாம் காத்தரீன் காலத்தில், புது மோஸ்தரில் பொன் முலாம் பூசிய திரைச்சுவர் வேண்டுமென்று பழையவை ஒரு கிராமத்துக் கோயிலுக்கு விற்கப்பட்டன. இன்று அவை மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்கிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கோயில் 1944 முதல் மீண்டும் வழிபாட்டில் உள்ளது. கூடவே அருங்காட்சியகமாகவும் உள்ளது. இதன் பொருள் என்ன என்பதை நாங்கள் நேரில் கண்டோம். வாசலருகே மெழுகுவத்தி விற்கும் முக்காடிட்ட மூதாட்டி ஒருவர். ஓவியங்களுக்குக் கீழே நாற்காலியில், கம்பளிச் சால்வை போர்த்திய காவல் மூதாட்டி இன்னொருவர். வத்தி ஏற்ற வருபவர்களை முன்னவர் புன்னகையோடு வரவேற்கிறார். பின்னவரின் கண்களோ சுடரிலிருந்து புகை எத்திசையில் போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வரைந்தவன் இதை எரியும் மெழுகின் முன்னிலையில் பார்ப்பதற்கென்றுதான் வரைந்தான்; ஆயினும் அதே மெழுகின் கரியும் ஈரமும் அதை மெல்ல அரிக்கின்றன. சமய உடைமைகளைச் சபைகளிடம் ஒப்படைப்பதற்கான சட்டம் 2010இல் ரஷ்யாவில் வந்தது. ரூப்ளெவின் புகழ்பெற்ற 'திரித்துவம்' படமே, பாதுகாப்பு வல்லுநர்களின் எதிர்ப்பையும் மீறி, 2023இல் அருங்காட்சியகத்திலிருந்து திருச்சபையின் கைக்கு மாறியது. செய்தியைப் படித்தபோது எங்களுக்கு அந்த இரண்டு மூதாட்டிகள்தாம் நினைவுக்கு வந்தார்கள்.

அருகிலேயே இருக்கும் தூய திமித்ரி ஆலயம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதன் வெண்கல் சுவர்களில் சிங்கங்கள், கழுகுத்தலை விலங்குகள், கொடிகள், பறவைகள், வானில் பறக்கும் அலெக்சாந்தர் எனப் பல நூறு புடைப்புச் சிற்பங்கள். கோயில்தானா என்று ஐயுறும் அளவுக்குப் புனிதர்கள் குறைவு. 1830களில் ஜார் முதலாம் நிக்கலாய் இதைப் 'பழைய வடிவுக்கு' மீட்க ஆணையிட்டான். பொறுப்பேற்றவர்கள், சுற்றியிருந்த நடைக்கூடங்களும் படிக்கட்டுக் கோபுரங்களும் பிற்காலச் சேர்க்கை என்று கருதி இடித்துத் தள்ளினார்கள். உண்மையில் அவை பழையவையே. மங்கோலியர் தீயிட்டும் நின்ற கல், மீட்பாளர்களின் அன்பில் போயிற்று. (திருப்பணி என்ற சொல் நமக்குத் தரும் கலக்கத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.)

மறுநாள் பகல்யூபவா. ரயில் பாதையைக் கடந்து புல்வெளியில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். வசந்த வெள்ளம் வடிந்த இடங்களில் நீர் தேங்கி நின்றது. டாக்டரின் காலணி இருமுறை சேற்றில் மாட்டிக்கொண்டது. தொலைவில் ஒரு வெள்ளைப் புள்ளி. நடக்க நடக்க அது பெரிதாகிறதே தவிர, கனம் கூடுவதாகத் தோன்றவில்லை. நேர்ல் ஆற்றங்கரையின் அன்னை அடைக்கலக் கோயில் அது. 12ஆம் நூற்றாண்டு. ஒரே குவிமாடம், மெலிந்த அரைத்தூண்கள், மேலே சிங்கங்களும் பறவைகளும் சூழ யாழிசைக்கும் தாவீது. போரில் இறந்த தன் மகன் நினைவாக அந்திரேய் இதைக் கட்டினான் என்பது மரபுச் செய்தி.

புல்வெளியில் தற்செயலாக முளைத்தது போல நிற்கும் இக்கோயில், கடும் உழைப்பின் மேல் நிற்கிறது. நேர்லும் கிளாஸ்மாவும் கூடும் இந்தத் தாழ்நிலத்தில் ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும். 1950களில் தொல்லியல் அறிஞர் நிக்கலாய் வரோனின் அகழ்ந்து பார்த்தபோதுதான், இயற்கைக் குன்று என்று எல்லோரும் எண்ணியிருந்தது செயற்கை மேடு என்று தெரியவந்தது. அடித்தளத்தின் மேல் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்துக்குக் கற்சுவரை எழுப்பி, அதன் உள்ளும் புறமும் மண் கொட்டி இறுக்கி, மேட்டின் சரிவுக்கு வெண்கல் பலகை வேய்ந்து, அதன் பிறகே கோயிலைத் தொடங்கியிருக்கிறார்கள். நாம் காண்பது மேல்பாதி மட்டும். வெள்ளம் சூழும் நாள்களில் கோயில் நீரின்மேல் மிதப்பதாகச் சொல்வார்கள். அந்த மிதப்புக்குக் காரணம் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது.

1784இல் அருகிலிருந்த மடத்தின் தலைவர், வேறு கட்டுமானத்துக்குக் கல் தேவைப்பட்டதால், இந்தக் கோயிலை இடிக்க விண்ணப்பித்து அனுமதியும் பெற்றார். இடிப்பதற்கு ஆள்கள் கேட்ட கூலி படியவில்லை. அவ்வளவுதான். எந்தக் கலை ஆர்வலரும் குறுக்கே விழவில்லை. எந்த ஆணையும் தடுக்கவில்லை. கூலிப் பேரம் முறிந்ததால் ரஷ்யக் கட்டடக் கலையின் மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்று இன்றும் நிற்கிறது. உள்ளே இருந்த பழைய சுவரோவியங்களுக்கு அந்த நல்லூழ் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் ஒரு சீரமைப்பில் அவை அழிந்தன. வெறுமையான வெள்ளைச் சுவர்களுக்கிடையில் சற்று நேரம் நின்றோம். இடம் மிகச் சிறியது, உயரம் மிகப் பெரியது. ஒருவர் இருமினால் ஒலி மேலேறிப் போய்த் திரும்பி வரச் சற்று நேரமாகிறது.

சூஸ்தலைப் பற்றிச் சொன்னால் கோபிப்பவர்கள் உண்டு. எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். அழகான ஊர். அளவுக்குமீறி அழகானது. சுமார் பத்தாயிரம் மக்களுக்குப் பல பத்துக் கோயில்கள். அவற்றுள் பல இணைகளாக நிற்பவை. கோடைக்கு உயர்ந்த, கணப்பில்லாத கோயில். அதன் பக்கத்தில் குளிர்காலத்துக்குத் தாழ்ந்த, கணப்புள்ள கோயில். ஆற்றோரம் பசும்புல், வேலிகள், தேன்மது விற்கும் கடைகள். 1860களில் மாஸ்கோவிலிருந்து நீஷ்னி நோவ்கரதுக்கு ரயில் பாதை போட்டபோது அது விளாதிமிர் வழியாகப் போயிற்று. சூஸ்தலுக்கு ரயில் வரவில்லை. வணிகம் வற்றியது, ஆலை வரவில்லை, ஊர் அப்படியே உறைந்தது. வறுமையே அதைப் பேணியது. சோவியத் ஆட்சி 1930களில் இங்கேயும் கோயில்களை இடித்தது. மணிகளை இறக்கி உருக்கியது. அதே ஆட்சி 1960களில் வெளிநாட்டுப் பயணிகளைக் கருதி ஊர் முழுவதையும் காட்சிப்பொருளாகச் சீரமைக்கத் தொடங்கியது. 1967இல் யூரி பிச்கோவ் என்ற இதழாளர் இந்த வட்டாரத்து ஊர்களைச் சுற்றிவந்து எழுதிய கட்டுரைத் தொடருக்கு இட்ட 'தங்க வளையம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று எல்லாப் பயண நிறுவனங்களும் அந்தப் பெயரைத்தான் விற்கின்றன.

ஆனால் தூய யெஃப்தீமி மடத்தின் பெருமதில் அஞ்சலட்டைக்குள் அடங்குவதில்லை. 1352இல் நிறுவிய மடம். 18ஆம் நூற்றாண்டில் இதனுள்ளே ஒரு சிறை அமைந்தது. சமயக் கருத்து வேறுபாடு கொண்டவர்களை, 'மனநிலை பிறழ்ந்தவர்கள்' என்ற பெயரில், விசாரணையின்றி அடைத்து வைத்தார்கள். சோவியத் காலத்தில் அரசியல் கைதிகள். 1943இல் ஸ்டாலின்கிராதில் சரணடைந்த ஜெர்மன் தளபதி பவுலுஸும் இங்கே சிறிது காலம் இருந்தான். ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள கன்னியர் மடத்துக்கு ஜார்கள் தமக்கு வேண்டாத மனைவியரை அனுப்பினார்கள்: மூன்றாம் வசீலி 1525இல் சலமோனியாவை, மகா பீட்டர் 1698இல் எவ்தக்கியாவை. ஆற்றின் இரு கரையிலுமிருந்து அந்த மதில்களைப் படம் எடுப்பவர்களின் கூட்டத்தில் நாங்களும் நின்றோம்.

ரஸ்தோவ் வேறு. (தோன் நதிக்கரை ரஸ்தோவ் அன்று, இது நேரோ ஏரிக்கரையிலுள்ள பழைய ரஸ்தோவ்.) இங்கே ரயில் உண்டு, சேறும் உண்டு. கோகலின் மாகாண நகரம் ஒருவாறு கண்ணுக்குப் புலப்பட்டது இங்கேதான். 1670 முதல் 1683 வரை ஆயர் இயோனா சிசோயெவிச் தமக்கென எழுப்பிய மாளிகை வளாகத்தைக் கிரெம்ளின் என்று அழைக்கிறார்கள். போருக்காகக் கட்டிய கோட்டையன்று; விண்ணுலக நகரத்தின் பிரதியாகக் கட்டியது. பக்கத்து மணிக்கூடத்தில் தம் தந்தையின் பெயரால் 'சிசோய்' என்ற மணியை வார்க்கச் செய்தார். எடை 32 டன். நாங்கள் ஏரிக்கரையில் இருந்தபோது அது ஒலித்தது. காதில் கேட்பதற்கு முன் காலடிப் பலகையில் உணர்ந்தோம் என்று எழுதினால் மிகையென்பீர்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயர் பீடம் யாரஸ்லாவுக்கு மாறியதும் வளாகம் கிடங்காயிற்று; இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஊர் வணிகர்கள் பணம் திரட்டிச் சீரமைத்து 1883இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1953 ஆகஸ்டில் வீசிய சூறாவளி குவிமாடங்களையும் கூரைகளையும் பிய்த்தெறிந்தது. விளாதிமிர் பானிகே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் மீண்டும் கட்டியெழுப்பினார்கள். 1973இல் வெளிவந்த நகைச்சுவைப் படமொன்றில் கொடுங்கோல் இவானின் மாளிகையாக நடித்ததும் இதே வளாகம்; உள்ளே நுழைந்ததும் டாக்டர் அந்தப் படத்தின் வசனங்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். காவல் மூதாட்டிகள் அவரைச் சொந்தப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள்.

நாங்கள் தங்கியது கிரெம்ளினிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மரவீட்டில். ஓய்வுபெற்ற பெண்மணி, தனியே வாழ்பவர். பெயரையும் தந்தைவழிப் பெயரையும் சேர்த்தே அழைத்தோம், நாவல்களில் நம்மைத் திணறடிக்கும் அதே முறையில். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் எங்களைக் 'குழந்தைகளே' என்றார். வீட்டின் தெருப்பக்கத்தில் மூன்று பலகணிகள். ஒவ்வொன்றையும் சுற்றி 'நலீச்னிக்' எனப்படும் செதுக்குமரச் சட்டம்: மேலே இரு பறவைகள், பக்கவாட்டில் முறுக்குக் கொடி, கீழே பூவேலை கத்தரித்த மரச் சரிகை. தெருவில் இரண்டு வீடுகள் ஒரே மாதிரி இல்லை. சில ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணுக்குள் இறங்கியிருந்தன. சிலவற்றில் கூரை எரிந்து உத்திரம் மட்டும் கறுத்து நின்றது. சிலவற்றில் சட்டத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் சன்னல் பொருத்தியிருந்தார்கள். அந்த வீடுகளைக் கடக்கும்போதெல்லாம் நாங்கள் உச்சுக் கொட்டினோம்.

மாலையில் தேநீர். சமோவார் அலமாரியின் மேல் அலங்காரமாக இருந்தது. நீரைக் கொதிக்க வைத்தது மின்கெண்டி. பலகணிகளை நாங்கள் புகழ்ந்ததை டாக்டர் மொழிபெயர்த்தார். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“கோடையில் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். மார்கழியில் யாரும் வருவதில்லை. வந்தால், இடுக்கு இடுக்காக நான் பஞ்சு திணிப்பதையும் படம் எடுக்கலாம்.”

பிறகு எழுந்து போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். அலுவலகக் கடிதம். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. அனுமதியின்றிப் பலகணியை மாற்றலாகாது. மாற்றுவதற்கு அனுமதி கேட்டு இரண்டு குளிர்காலங்கள் ஆகிவிட்டன. குழாய் நீர் வீட்டுக்குள் இல்லை. தெருமுனைக் குழாயிலிருந்து வாளியில் கொண்டுவர வேண்டும். விறகுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஓய்வூதியத்தில் பெரும்பங்கு போகிறது. ஊரின் வெளிப்புறத்தில் உள்ள ஐந்து மாடிக் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்தால் மறுநாளே போய்விடுவேன் என்றார். “இந்தப் பறவைகளை என் தாத்தா செதுக்கினார். எனக்கு அவற்றின் மேல் பிரியம் இல்லை என்று நினைக்காதீர்கள்,” என்றும் சொன்னார்.

அன்றிரவு எங்களுக்குள் வாக்குவாதம். தமிழ் படித்த நாங்கள் இருவரும் மரச்சட்டத்தின் பக்கம் நின்றோம். ஒரு தெரு முழுவதும் இப்படி ஒவ்வொருவராகப் போய்விட்டால் ரஸ்தோவில் எஞ்சுவது கிரெம்ளின் ஒன்றுதான். அது ஆயருக்காகக் கட்டியது, இந்தத் தெருதான் மக்கள் தமக்காகக் கட்டிக்கொண்டது என்றோம். டாக்டர் ஒரே கேள்வி கேட்டார்: எழுபது வயதுக்கு மேல் பனிக்கட்டியில் வாளி தூக்கி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், அதன்பின் எத்தனை பேர் எழுந்து நடப்பார்கள் தெரியுமா? எங்களிடம் விடையில்லை. 2015இல் சமாரா நகரில் தன்னார்வலர்கள் பழைய மரவீடுகளைத் தாமே சுரண்டி வண்ணமடித்துச் செப்பனிடும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள்; 'டாம் சாயர் திருவிழா' என்று அதற்குப் பெயர்; பல நகரங்களுக்குப் பரவிவிட்டது. காலையில் இதை அம்மையாரிடம் டாக்டர் வழியாகச் சொன்னோம். அவருக்கு மார்க் ட்வைன் தெரிந்திருந்தது. சிரித்தார். “வண்ணம் நல்லதுதான். குழாய் போடுவார்களா என்று கேளுங்கள்,” என்றார்.

உக்லிச்சில் அரைநாள் மட்டும் கிடைத்தது. 1591இல் கொடுங்கோல் இவானின் சிறுவயது மகன் திமித்ரி இங்கே இறந்தான். மரணச் செய்தியை அறிவித்து ஒலித்த மணி ஊரைக் கலகத்துக்கு எழுப்பியது என்பதால், மணிக்கும் தண்டனை விதித்தார்கள்: நாவைப் பிடுங்கி, கசையால் அடித்து, சைபீரியாவின் தபோல்ஸ்குக்கு நாடு கடத்தினார்கள். 1892இல்தான் திரும்பியது. திரும்பியது அதே மணிதானா என்ற ஐயம் அறிஞர்களிடையே உண்டு. தொங்கவிட்டிருந்த அந்தச் சிறிய மணியைப் பார்த்தால் இவ்வளவு கலகத்துக்குக் காரணமாக இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

அங்கிருந்து கல்யாசின். வோல்காவின் நடுவே நீரிலிருந்து ஒரு மணிக்கோபுரம் எழுந்து நிற்கும் படத்தைப் பலரும் பார்த்திருக்கக்கூடும். 1800இல் கட்டியது, உயரம் 74.5 மீட்டர். 1930களின் இறுதியில், கைதிகளின் உழைப்பால் எழுந்த உக்லிச் அணை, ஊரின் பழைய பகுதியை மூழ்கடித்தது. நிக்கலாய் பேராலயத்தை முன்னதாகவே பிரித்தெடுத்தார்கள், மணிக்கோபுரம் தப்பியது. ஆற்றின் குறுக்கே இருந்த மக்காரியின் மடமும் போயிற்று. அதன் சுவரோவியங்களின் சில துண்டுகளை மட்டும், நீர் ஏறும் முன், வல்லுநர்கள் சுவரிலிருந்து உரித்தெடுத்து மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். 1980களில் கோபுரத்தைச் சுற்றி மண் கொட்டிச் சிறு தீவாக்கி அடித்தளத்தை வலுப்படுத்தினார்கள்.

படகுக்காரர் இளைஞர். தீவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கோபுரத்தின் கீழடுக்குகள் தீவுமண்ணுக்குள் இருக்கின்றன. மேலே வளைவுகளுக்குள் பறவைகள் கூடு கட்டியிருந்தன. நீர் அமைதியாகத்தான் இருந்தது. ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்று டாக்டரைக் கேட்கச் சொன்னோம். படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். இங்கே சந்தைத் திடல், அதோ பள்ளிக்கூடம், அங்கே தம் கொள்ளுப்பாட்டியின் வீடு என்று நீரில் இடங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். அந்த வீட்டை உத்திரம் உத்திரமாகப் பிரித்து எண்ணிட்டு, மேட்டில் மறுபடி கட்டிக்கொண்டார்களாம். இப்போதும் அதில்தான் குடியிருக்கிறாராம். பலகணிச் சட்டங்கள் பழையவைதாமா என்று கேட்டோம். பழையவைதாம் என்றார், கடைசியாகப் பின்பக்கத்தில் மட்டும் பிளாஸ்டிக் போட்டிருக்கிறார்கள், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது.